போர்க்களத்தில் சிரிக்கலாமா?



பேய்கள் பல் துலக்குமா? துலக்கும் என்கிறார் செயங்கொண்டார். முறிந்த யானைக் கொம்புதான் பற்குச்சியாம். செத்து விழுந்த யானையின் விலா எலும்பை எடுத்து நாக்கை வழிக்குமாம். களத்தில் சிதறிக் கிடக்கும் அம்பின் முனையால் நகம் களைந்துகொள்ளுமாம். நாம் சனிக்கிழமை தோறும் சீயக்காய் தேய்ப்பது போல, இறந்தவர் மூளையைத் தலைக்குத் தேய்த்து, குருதி மடுவில் நீந்திக் குளித்து, அதன் பிறகே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சப் புறப்படுமாம். எவ்வளவு ஒழுக்கமான பேய்கள் பாருங்கள்! நம் விடுதிப் பிள்ளைகளில் சிலரைக் காட்டிலும் மேல் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் அல்லவா?

கலிங்கத்துப்பரணியின் இந்தப் பகுதியைத்தான் சில ஆண்டுகளுக்கு முன் நம் இலக்கிய மன்ற விழாவில் நாடகமாக நடிக்க எண்ணினேன். அந்த ஒத்திகையில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு அன்று என்னால் விடை கூற முடியவில்லை. இன்றும் முழு விடை கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எனினும் அந்தக் கேள்வியோடு இத்தனை நாள் வாழ்ந்ததில் எனக்கு ஒரு கருத்து உருவாகி இருக்கிறது. அதை இந்த ஆண்டு மலரில் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நூலைப் பற்றிச் சில சொற்கள். போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் கூறும். ஆயினும் நூலின் பெயர் வென்றவன் பெயரால் அமைவதில்லை. தோற்றவன் நாட்டின் பெயரால் அமையும். சோழன் வென்றான், பெயர் கலிங்கத்துக்கு. உலகில் வேறு எந்த மொழியில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நான் அறியேன்.

முதற் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த போர் இது. காரணம் என்ன? கலிங்க மன்னன் இருமுறை திறை செலுத்தவில்லை. காஞ்சியில் இருந்த குலோத்துங்கன் படையெடுக்கச் சொன்னான். கருணாகரத் தொண்டைமான் தலைமையேற்றுச் சென்றான். கலிங்க மன்னனுக்கு எங்கராயன் என்று ஓர் அமைச்சன் இருந்தான். "வருவது சாதாரணப் படையன்று, சற்றுச் சிந்தியுங்கள்" என்ற பொருளில் அவன் எடுத்துச் சொல்ல, மன்னன் அவன்மேல் சினந்தான். போர் நடந்தது. கலிங்கம் அழிந்தது. கதை இவ்வளவே. வரி பாக்கி, வறட்டுப் பிடிவாதம், பேரழிவு!

ஆனால் செயங்கொண்டார் இந்தக் கதையை நேராகச் சொல்லவில்லை. பேய்களிடம் கொடுத்துச் சொல்ல வைக்கிறார். அங்கேதான் அவருடைய மேதைமை இருக்கிறது. பாலை நிலத்தின் நடுவே காளி கோயில். சுற்றிலும் பசியால் வற்றிய பேய்கள். அவற்றுள் சில பழைய போர்களில் ஊனமடைந்தவை. சக்கரக்கோட்டப் போரில் காய்ச்சிய கூழ் கொதித்துத் தெறித்து ஒரு கண் போன பேயும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இமயத்தில் மாயவித்தை கற்று வந்த முதுபேய் ஒன்று இந்திரசாலம் காட்டுகிறது. குருதி ஆறு ஓடுவதாகவும் பிணங்கள் குவிந்து கிடப்பதாகவும் தோன்றச் செய்கிறது. பசித்த பேய்கள் பாய்ந்து விழுகின்றன; வெறும் தரையை அள்ளுகின்றன; வெறும் வாயை மெல்லுகின்றன. வகுப்பில் இதை நடத்தும்போது சிரிக்காத மாணவியை நான் கண்டதில்லை.

பின்னர் உண்மையான போர் முடிகிறது. உண்மையான கூழ் கொதிக்கிறது. ஓசை அடங்கிப் போன போர்முரசே உரல். யானைத் தந்தமே உலக்கை. வீரர்களின் பற்களே அரிசி. பரிமாறும்போது பந்தியில் யார் யார் பாருங்கள்! உயிர்க்கொலை செய்யாத சமணப் பேய் வருகிறது. கூழில் மயிர் கிடந்தால் ஆகாதென்று அதற்கு மட்டும் வடிகட்டி வார்க்க வேண்டும். வடிகட்டும் துணி எது என்று கேட்காதீர்கள். புத்தப் பேய் வருகிறது. பார்ப்பனப் பேய் வருகிறது. செத்த பிறகும் ஆசாரம் விடவில்லை! மனிதர்களைக் கேலி செய்யப் பேய்களைவிட நல்ல கண்ணாடி எது?

ஆகவே கலிங்கத்துப்பரணி தமிழின் மிகப் பழைய நகைச்சுவை மாயக்கதைகளுள் ஒன்று என்று நான் துணிந்து சொல்வேன். அதை வீரகாவியம் என்று மட்டும் தேர்வுக்குப் படித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுவது அநியாயம்.

இனி அந்த ஒத்திகைக்கு வருகிறேன்.

மேல்நிலை வகுப்பு மாணவியர் பன்னிருவர் பேய்கள். தேங்காய் நாரும் பனைமட்டைப் பன்னாடையும் கூந்தல்; அடுப்புக்கரி மேனி. மூன்று பேர் தோற்றோடும் கலிங்க வீரர்கள். இந்த ஓட்டத்தையும் செயங்கொண்டார் விட்டுவைக்கவில்லை. ஆடை இழந்து மயிர் களைந்து நின்றவர்கள் "நாங்கள் சமண முனிவர்" என்று சொல்லித் தப்பினார்களாம். வில்லின் நாணை அறுத்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, "கங்கையாட வந்தோம், இடையில் அகப்பட்டுக்கொண்டோம்" என்று தப்பினவர்கள் சிலர். குருதி படிந்த கொடித்துணியைப் போர்த்துக்கொண்டு, "எங்கள் காவி உடையைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்று புத்தத் துறவியாகி உயிர் பிழைத்தவர்கள் சிலர். யானையின் கழுத்து மணியைத் தாளமாகத் தட்டிக்கொண்டு, "நாங்கள் பாட்டுப் பாடிப் பிழைக்கிற பாணர்" என்றவர்களும் உண்டு. மேடைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒத்திகை பார்க்க வந்த விடுதிச் சகோதரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கலிங்க வீரராக நடித்த மூவருள் ஒருத்தி மண்டபம் முகாமிலிருந்து நம் பள்ளிக்கு வருகிறவள். பூணூல் போட்டுக்கொண்டு ஓட வேண்டிய பங்கு அவளுக்கு. நன்றாகவே ஓடினாள். ஒத்திகை முடிந்து எல்லோரும் போனபின், நாணாகக் கட்டியிருந்த சணல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்: "டீச்சர், ஓடி வர்றவங்களப் பாத்துச் சிரிக்கலாமா?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "இது இலக்கியம்மா, எண்ணூறு ஒன்பது நூறு வருஷத்துக்கு முந்தின கதை" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சமாதானம் அடைந்ததாக அந்தத் தலையாட்டலுக்குப் பொருள் இல்லை என்பது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் அவளே ஒரு கதை சொன்னாள். அவளுடைய அம்மம்மா 1990ஆம் ஆண்டில் படகேறி வந்தவர். இரவோடிரவாக மூட்டை கட்டினார்கள். கையில் அகப்பட்டதை இருட்டில் அள்ளித் திணித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கரையேறி விடிந்தபின் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால், நகையும் பத்திரங்களும் இருக்கும் என்று எண்ணிய மூட்டைக்குள் இடியப்ப உரல் இருந்ததாம்! நடுக்கடலில் படகுக்காரர், பாரம் மிகுதி என்று சொல்லி ஆளுக்கொரு மூட்டையை எறியச் சொன்னபோது, அம்மம்மா வேறு மூட்டைகளை எறிந்துவிட்டு அதைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாராம். "அம்மம்மா அத சொல்லும்போது நாங்க எல்லாரும் சிரிப்போம் டீச்சர். அம்மம்மாவும் சிரிக்கும். ஆனா வேற ஆள் யாராச்சும் அதச் சொல்லிச் சிரிச்சா, அம்மம்மா எழும்பிப் போயிரும்."

நான் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் படிப்பவள். நகை நான்கு காரணத்தால் பிறக்கும். அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று மாணவியரை மனப்பாடம் செய்ய வைப்பவள். எள்ளல் என்பதற்கு உரை எழுதும்போது பேராசிரியர் அதனை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுதல் மற்றொன்று. எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்ட வரி. அதன் பொருள் எனக்கு அன்றைக்கு, அந்தப் பிள்ளை சணல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது.

செயங்கொண்டார் சோழன் அவைக்களப் புலவர். ஓடுகிறவன் கலிங்கன். சிரிக்கிறவர் சோழ நாட்டார். ஓடியவனுடைய வாயிலிருந்து அந்தக் கதை வந்திருந்தால் அது வேறொரு நூலாக இருந்திருக்கும். இது செயங்கொண்டார்மேல் நான் சுமத்தும் குற்றம் என்று கொள்ளாதீர்கள். அவர் இரக்கமற்றவரும் அல்லர். களம் பாடும்போது, கணவன் உடலைத் தேடிக் களத்துக்கு வந்த பெண்களைக் காட்டுகிறார். மண்ணும் தீண்டாதபடி கணவன் உடலைத் தன் கையில் தாங்கிக்கொண்டே உயிர் விடுகிற ஒருத்தியைக் காட்டுகிறார். அந்த இடத்தில் கேலி இல்லை. கூழ்ச் சிரிப்புக்கு முன்னால் அந்தப் பெண்ணை வைத்துவிட்டுத்தான் மேலே போகிறார். நான் நாடகத்துக்கு எடுத்தபோது அவளை விட்டுவிட்டேன். நேரம் போதாது என்று நினைத்தேன்.

கலிங்கத்துக்கு இது முதல் தோல்வியும் அன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் வென்றதும் அதே கலிங்கம்தான். ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர், அதற்காக வருந்துகிறேன் என்று அவன் கல்லில் எழுதி வைத்ததை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். பாடத்தில் பெரும்பாலும் சொல்லாத ஒன்று உண்டு. அந்த வருத்தக் கல்வெட்டு மற்ற இடங்களில் இருக்கிறது. கலிங்கத்திலுள்ள தௌலியிலும் சௌகடாவிலும் இல்லை. அங்கே அதற்குப் பதிலாக வேறு கட்டளைகளை வெட்டுவித்தான். வருந்தியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் யாரிடம் வருந்த வேண்டுமோ அவர்கள் கண்ணில் படும் இடத்தில் அதை எழுதவில்லை!

சரி, கலிங்கம் எங்கோ இருக்கிறது; நமக்கென்ன என்று எண்ணுவீர்கள். பாம்பனுக்கு அருகே குந்துகால் இருக்கிறதல்லவா? 1897ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் என்று நாம் சுற்றுலா சென்று பார்த்தோமே, அதே குந்துகால். 12ஆம் நூற்றாண்டில் பாண்டிய அரசுரிமைக்காக இரு பாண்டியர் மோதிக்கொண்டபோது, இலங்கை மன்னன் பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனை அனுப்பினான். அவன் படை இராமேசுவரத்தைக் கைப்பற்றியது. குந்துகாலில் கோட்டை கட்டி அதற்குத் தன் மன்னன் பெயரையே வைத்தது. இங்கே பிடிபட்ட தமிழர்களைக் கொண்டு சென்று, முன்பு தமிழர் இடித்த அநுராதபுரத்துத் தூபியைச் செப்பனிட வைத்தார்கள் என்று மகாவம்சத்தின் பிற்பகுதி பெருமையோடு கூறுகிறது. அந்த நூலைப் பொறுத்தவரை நாம்தான் கலிங்கர். நம் கடற்கரைதான் தோற்ற நாடு. நம் முப்பாட்டன்மார் எப்படி ஓடினார்கள், எந்த வேடம் போட்டுத் தப்பினார்கள் என்று அங்கே யாராவது பாடிச் சிரித்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இந்த யோசனையில் இருந்த நாளில் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது சென்னையில் வேலையில் இருப்பவள், ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். டெர்ரி பிராட்செட் என்னும் ஆங்கிலேயர் எழுதியது. 'டிஸ்க்வேர்ல்டு' என்ற பெயரில் 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள் வந்த பெரிய வரிசை. தட்டையான உலகம், அதை நான்கு யானைகள் சுமக்க, யானைகளை ஓர் ஆமை சுமக்கிறது. நம்மூர்ப் பாட்டி கதைதான்! அந்த உலகத்தில் பொரோகிராவியா என்று ஒரு நாடு. 2003இல் வந்த 'மான்ஸ்ட்ரஸ் ரெஜிமெண்ட்' என்னும் நாவல் முழுவதும் அந்த நாட்டைப் பற்றியது.

பொரோகிராவியாவுக்குப் போர்தான் தொழில். சுற்றியுள்ள எல்லா நாடுகளோடும் சண்டை. எல்லையாக ஓடுவது நெக் என்னும் ஆறு. அந்த ஆறு சும்மா இருப்பதில்லை. வளைந்து வளைந்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு நகர்ந்தால் எல்லை நகரும். எல்லை நகர்ந்தால் போர் வரும். அந்த நாட்டுத் தெய்வமோ நாள்தோறும் புதிது புதிதாகத் தடை விதிக்கிறது. சாக்லேட் கூடாது, பூண்டு கூடாது, பூனை கூடாது, நீல நிறம் கூடாது என்று பட்டியல் நீள்கிறது. குழந்தைகளும் அந்தப் பட்டியலில் உண்டு! ஆண்கள் எல்லாரும் போருக்குப் போய்த் தீர்ந்துவிட்டார்கள். பாலி என்னும் சத்திரத்துப் பெண், போருக்குப் போய்த் திரும்பாத அண்ணனைத் தேடுவதற்காகக் கூந்தலை வெட்டிக்கொண்டு ஆண் வேடத்தில் படையில் சேர்கிறாள். சேர்ந்தபின் ஒவ்வொருவராகத் தெரிகிறது: அவளோடு சேர்ந்த மற்றவர்களும் பெண்களே! பெரிய அதிகாரிகளிலும் பலர் அப்படியே. கடைசிவரை யார் யார் என்று சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டேன்.

பக்கத்துக்குப் பக்கம் சிரித்தேன். ஆனால் இந்தச் சிரிப்பு சோழன் கலிங்கனைப் பார்த்துச் சிரிப்பது போன்றது அன்று. அந்த நாட்டுக்காரிகள் தம் நாட்டைப் பார்த்துத் தாமே சிரிப்பது. அரிசி இல்லை, ஆள் இல்லை, அரசி உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. ஆனாலும் "நாம் வென்றுகொண்டே இருக்கிறோம்" என்று சொல்லிக்கொள்ளும் நாட்டில், பூட்சு அளவு சரியில்லாமல் நடக்கிறவர்களின் சிரிப்பு. பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகை.

2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யை நீங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டீர்கள். வடிவேலு வெள்ளைக்கொடி பிடித்த காட்சிக்கு நானும் சிரித்தவள்தான். அங்கேயும் எள்ளப்படுகிறவன் நம் அரசன். அதனால்தான் அந்தச் சிரிப்பு யாருக்கும் உறுத்தவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நெக் ஆற்றைப் படித்தபோது எனக்கு நம் கடல்தான் நினைவுக்கு வந்தது. 1974ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்து, பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக்கோடு போட்டன. வரைபடத்தில் கோடு அசையாது. ஆனால் தண்ணீர் அசைகிறது, மீன் அசைகிறது, படகு அசைகிறது! உங்களில் எத்தனை பேரின் தந்தையர் அந்தக் கோட்டைத் தாண்டியதாகப் பிடிபட்டு, அக்கரைச் சிறையில் இருந்து திரும்பியிருக்கிறார்கள் என்பது வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்திருக்கும் எனக்குத் தெரியும். "அப்பா வரல, அதனால பீஸ் கட்டல" என்று சொல்லும் பிள்ளையின் முகத்தை எந்த நகைச்சுவையாலும் எழுத முடியாது. அதே வேளையில் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப் புலவர் ஆகிவிடுவேன். நம் விசைப்படகுகளின் இழுவைமடி அரித்துச் சென்ற வலைகளுக்காக, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள சிறு மீனவர் வீடுகளிலும் பிள்ளைகள் பட்டினி கிடந்திருக்கிறார்கள். அவர்களும் தமிழர்களே. அந்தக் கரையிலிருந்து பார்த்தால் ஓயாமல் படையெடுத்து வரும் நாடு எது? இதைச் சொன்னால் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம். வரட்டும்.

நம் சீமையின் வீரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுதோறும் மாறுவேடப் போட்டியில் குறைந்தது நான்கு வேலு நாச்சியார் வருகிறார்கள். வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாள், அம்மாவின் பட்டுச் சேலை, ஓர் ஆவேச வசனம், கைதட்டல். மகிழ்ச்சிதான்! இராமநாதபுரத்தில் பிறந்த பெண். பாலியைப்போல் ஆண் வேடம் போடாமல், பெண்ணாகவே படை நடத்தியவர். ஆனால் 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் இறந்த நாளுக்கும், 1780இல் சிவகங்கையை மீட்ட நாளுக்கும் இடையில் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. விருப்பாட்சியில் கோபால நாயக்கர் ஆதரவில், மகளோடு, பிறர் ஊரில் காத்திருந்த ஆண்டுகள். உதவி கேட்டு ஹைதர் அலிக்கு ஓலை எழுதிவிட்டு விடை வருமா வராதா என்று பார்த்திருந்த ஆண்டுகள். அவரும் தப்பி ஓடி வந்தவர்தாம், முகாமில் இருந்தவர்தாம். இத்தனை ஆண்டுகளில் அந்த எட்டு வருட நாச்சியாராக வேடமிட்டு வந்த மாணவி ஒருத்திகூட இல்லை. அட்டை வாள் பிடிப்பது எளிது. மேடையில் காத்திருப்பது எப்படி என்று நாம் யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. இவ்வாண்டு யாராவது முயன்றால், நடுவராக இருக்கும் நான் என்ன மதிப்பெண் போடுவேன் என்பதை இப்போதே சொல்லிவிட மாட்டேன். சற்றுத் தாராளமாக இருப்பேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நாடகம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தப் பிள்ளைதான் முதலில் வருந்தியிருப்பாள். பேயாக நடித்த பன்னிருவரும் அவளை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். ஓடுகிற காட்சியை மட்டும் மாற்றினோம். முன்பு பேய்கள் நின்று சுட்டிக்காட்டி, "அதோ பார், பூணூல் போட்டவன்! இதோ பார், காவி கட்டியவன்!" என்று சிரிக்கும்படி வைத்திருந்தோம். இப்போது கலிங்கர் மூவரும் ஓடி முடித்து, வெகு ஆண்டுகளுக்குப் பின், ஏதோ ஓர் ஊரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து தம் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதாக வைத்தோம். "அன்றைக்கு எனக்குப் பூணூல் எந்தத் தோளில் போடுவது என்றே தெரியவில்லையடா!" என்று அவள் சொன்ன இடம் என் வசனம் அன்று, அவளே சேர்த்துக்கொண்டது. கணவனின் உடலைத் தாங்கிய பெண்ணையும் திரும்பச் சேர்த்தோம். நாடகம் பன்னிரண்டு நிமிடம் நீண்டுவிட்டது. தலைமைச் சகோதரி இருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்ததை மேடை ஓரத்திலிருந்து கவனித்தேன்.

ஒத்திகையில் சிரித்த இடத்தில் அன்று அவ்வளவு பெரிய சிரிப்பு எழவில்லை. ஆனால் எதிர்பாராத இடங்களில் எழுந்தது. பின்வரிசையில் பெற்றோர் பகுதியில் இருந்துதான் அதிகம்.

விழாவுக்கு அம்மம்மாவும் வந்திருந்தார். மெலிந்த உருவம், வெள்ளைச் சேலை, இரண்டாம் வரிசையில் ஓரத்து நாற்காலி. பேத்தி திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்ன காட்சியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. எழுந்து போகிறாரா என்று மட்டும் பார்த்தேன். போகவில்லை. அடுத்த காட்சியில் பேய்கள் கவிழ்த்த முரசைச் சுற்றி நின்று, அட்டையில் செய்த யானைத் தந்தத்தால் பல்லரிசி குற்றத் தொடங்கின. ஒருத்தி மேலே தூக்கும்போதே மற்றொருத்தியும் தூக்கினாள். தந்தங்கள் மோதி ஒன்று வளைந்தது. அரங்கம் அமைதியாக இருந்த அந்த நொடியில் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது:

"உலக்கை பிடிக்கத் தெரியாத பேயளா இருக்குதுகளே பிள்ளை! ஒராள் குத்தேக்க மற்றாள் தூக்க வேணும்."

மேடையில் பேய்கள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வசனம் மறந்து போயிற்று. திரையை இறக்கச் சொல்லிக் கையசைத்தேன். இறக்க வேண்டிய பிள்ளையும் கயிற்றைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றாள்.